பிறவி இதய வால்வுக் குறை: எக்கோ அறிக்கையில் இருக்கும் எண்ணை எப்படிப் படிப்பது?

பிள்ளைக்குப் பிறவியிலேயே இதயத்தில் குறை என்று தெரிந்துவிட்டால், அது எந்தக் குறையாக இருந்தாலும் சொந்தபந்தத்தில் "ஹார்ட்டுல ஓட்டையாம்" என்றுதான் பரவும். ஈசூனில் இருக்கும் மாமியும் தஞ்சாவூரிலிருந்து அழைக்கும் பெரியம்மாவும் கேட்பது ஒரே கேள்வி: "வளர வளரத் தானா மூடிக்குமாமே?" கீழறைகளுக்கு நடுவிலுள்ள தசைச் சுவரின் சிறு துளைகள் பல, குழந்தை நடை பழகும் காலத்துக்குள் மூடிக்கொள்வது உண்மைதான். அந்த ஆறுதலை வால்வுக் குறைக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. துளை மூடிவிட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது. வால்வோ ஓயாமல் திறந்து மூடும் கதவு. கைக்குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 130 முறை துடிப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு வால்வு ஒரு நாளில் ஏறக்குறைய 187,000 முறை திறந்து மூட வேண்டும். கோணலாக அமைந்த கதவு தேயத் தேய, பிள்ளையும் வளர வளர, குறையின் அளவும் மாறிக்கொண்டே போகும். அதனால்தான் வால்வு விஷயத்தில் "சரியாகிவிட்டது" என்று மருத்துவர்கள் எளிதில் சொல்வதில்லை. "இப்போதைக்குப் போதும்" என்ற நிலையை எட்டி, அதை எத்தனை ஆண்டுக்கு நீட்ட முடியும் என்பதே அவர்கள் போடும் கணக்கு.

நான்கு கதவுகள், இரண்டு கோளாறுகள்

மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே வலப்புறம் மூவிதழ் வால்வு, இடப்புறம் மைட்ரல் எனப்படும் ஈரிதழ் வால்வு. கீழறைகளைவிட்டு இரத்தம் வெளியேறும் வாசலில் வலப்புறம் நுரையீரல் தமனி வால்வு, இடப்புறம் பெருந்தமனி வால்வு. எதுவாக இருந்தாலும் கெடும் விதம் இரண்டுதான்: சரியாகத் திறக்காவிட்டால் குறுக்கம், சரியாக மூடாவிட்டால் கசிவு. ஒரே வால்வில் இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு.

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 8 பேருக்கு ஏதோவோர் இதயக் குறை இருக்கிறது என்பது உலகளவில் சொல்லப்படும் கணக்கு. எல்லாவற்றிலும் அதிகமாகக் காணப்படும் குறை அந்தக் கணக்கில் பொதுவாகச் சேர்வதே இல்லை. மூன்று இதழ்கள் இருக்க வேண்டிய பெருந்தமனி வால்வு இரண்டு இதழ்களோடு அமைவதுதான் அது. நூறு பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ இருக்கும். பெண்களைவிட ஆண்களிடம் அதிகம். பெரும்பாலும் வலது இதழும் இடது இதழும் ஒட்டிப் பிறந்திருக்கும். சிறுவயதில் தொந்தரவே தராமல், ஐம்பது அறுபது வயதில் சுண்ணாம்பு படிந்து இறுகுவது இதன் வழக்கம். மூன்று இதழ்களுள்ள சாதாரணப் பெருந்தமனி வால்வு அப்படி இறுகுவதற்கு இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டாவது ஆகும். இன்னொன்று, இந்தக் குறை இதழோடு நிற்பதில்லை. வால்வுக்கு மேலே பெருந்தமனியின் சுவரும் பலவீனமாக இருந்து, மெல்ல மெல்ல விரியக்கூடும். சிலருக்குத் தமனி கீழ்நோக்கி வளையும் இடத்தில் குறுக்கமும் சேர்ந்திருக்கும்.

நுரையீரல் தமனி வால்வுக் குறுக்கத்தில் இரண்டு வகை. ஒன்றில் இதழ்கள் மெல்லியவை, ஓரங்கள் மட்டும் ஒட்டிக்கொண்டு கூடாரம்போல் குவிந்து நிற்கும். மற்றொன்றில் இதழ்களே தடித்துச் சுருண்டிருக்கும். நூனன் என்னும் மரபணுக் குறைபாடு உள்ள குழந்தைகளிடம் இதை அதிகம் பார்க்கலாம். முதல் வகை, பலூன் வைத்து விரிக்கும் சிகிச்சைக்கு நன்றாக மசியும். இரண்டாவது வகை பெரும்பாலும் மசியாது. அறிக்கையில் வெறும் "குறுக்கம்" என்று மட்டும் இருந்தால், இதில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மூவிதழ் வால்வின் இதழ்கள் தமக்குரிய இடத்தில் இல்லாமல் கீழறைக்குள் இறங்கி ஒட்டியிருப்பது எப்ஸ்டீன் குறை. 1866ல் அதை முதலில் விவரித்த ஜெர்மானிய மருத்துவரின் பெயர் அதற்கு. எக்கோவில், அதாவது இதயத்தின் ஒலியலைப் படத்தில், அந்த இறக்கம் உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 8 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் எப்ஸ்டீன் என்பார்கள். இதயத்துடிப்பு திடீரென்று எகிறும் கோளாறும் இவர்களுக்கு அடிக்கடி கூடவே வரும். மைட்ரல் வால்வு மட்டும் தனியாகக் குறையோடு அமைவது அரிது. டவுன் குறைபாடு உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் குறை உண்டு. அவர்களில் பலருக்கு நடுச்சுவர்த் துளையோடு மைட்ரல் இதழில் ஒரு பிளவும் சேர்ந்திருக்கும்.

ஊரிலிருந்து வேலைக்கு வந்த ஒருவருக்கு முப்பது வயதில் மைட்ரல் குறுக்கம் என்றால், அது பெரும்பாலும் பிறவிக் குறையன்று. சிறுவயதில் தொண்டைப் புண்ணுக்குப் பின் வந்த வாதக் காய்ச்சல் விட்டுச்சென்ற தழும்பு. சிகிச்சையும் வேறு வழியில் போகும் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

எங்கே, எப்போது அகப்படுகிறது

முதல் வாய்ப்பு கர்ப்பத்தின் 18 முதல் 22 வாரத்துக்குள் செய்யப்படும் உடலமைப்பு ஸ்கேன். நான்கு அறைகளும் இரண்டு வெளிவாசல்களும் அதில் பார்க்கப்படும். சந்தேகம் இருந்தால், குடும்பத்தில் யாருக்காவது இதயக் குறை இருந்தால், தாய்க்குக் கருத்தரிப்பதற்கு முன்பே நீரிழிவு இருந்தால், கருவுக்கென்றே தனி எக்கோ எடுப்பார்கள். ஆனால் வால்வுக் குறுக்கம் கருவிலேயே வளரும் குணமுடையது. 20ஆம் வாரத்தில் லேசாகத் தெரிந்தது, அல்லது தெரியாமலே இருந்தது, 32ஆம் வாரத்தில் கடுமையாகிவிடலாம். "ஸ்கேன்ல ஒன்னும் சொல்லலையே" என்று பின்னால் ஸ்கேன் எடுத்தவரைக் குறைசொல்வதில் பல நேரம் நியாயமில்லை.

இரண்டாவது வாய்ப்பு பிறந்து 24 மணி நேரம் ஆனபின் செய்யும் ஆக்சிஜன் சோதனை. வலது கையிலும் ஒரு காலிலும் சிறு உணர்கருவி ஒட்டி அளப்பார்கள். இரண்டும் 95 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்து, இரண்டுக்கும் வித்தியாசம் 3 விழுக்காட்டுக்குள் இருந்தால் தேர்ச்சி. 90க்குக் கீழே போனால் மறுபேச்சில்லாமல் எக்கோ. வலது கையைத் தேர்வதற்குக் காரணம் இருக்கிறது: வலது கைக்குப் போகும் தமனி, டக்டஸ் குழாய் (அடுத்த பத்தியில் விளக்கம்) சேரும் இடத்துக்கு முன்பே பிரிந்துவிடுகிறது, கால் அதற்குப் பின்னால். இந்தச் சோதனை நீலம் பாரிக்கச் செய்யும் கடுமையான குறைகளைப் பிடிக்கும். இரண்டிதழ்ப் பெருந்தமனி வால்வையோ மிதமான குறுக்கத்தையோ பிடிக்காது.

டக்டஸ் குழாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். கருவில் நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் இந்தக் குழாய், பிறந்து சில நாளில் மூடிக்கொள்ளும். நுரையீரல் தமனி வால்வு கிட்டத்தட்ட அடைபட்டிருக்கும் குழந்தைக்கு, நுரையீரலுக்கு இரத்தம் போகும் ஒரே வழி அதுதான். மூடினால் குழந்தை நீலமாகும். பெருந்தமனி வால்வு கடுமையாகக் குறுகியிருந்தால், உடம்புக்கு இரத்தம் கொடுப்பதே அந்தக் குழாய்தான். மூடினால் நீலம் வராது. சாம்பல் நிறம் வரும். கைகால் சில்லிடும், நாடி தளரும், சிறுநீர் குறையும், பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கும். இது நடப்பது பெரும்பாலும் முதல் வாரத்தில். சுகப்பிரசவமாகி ஓரிரு நாளில் வீடு திரும்பி, பத்தியச் சமையல் அடுப்பில் கொதிக்க, "பிள்ளை தொந்தரவே இல்லாம நல்லாத் தூங்குது" என்று வீட்டார் நிம்மதியாக இருக்கும் அதே நாட்கள். எழுப்பினாலும் பால் குடிக்காத, தொட்டால் சில்லென்றிருக்கும், வேகமாக மூச்சுவிடும் குழந்தைக்கு மறுநாள் காலைச் சந்திப்பு நேரம் வரை காத்திருக்கக் கூடாது. சிங்கப்பூரின் ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழைக்க வேண்டும்.

மருத்துவமனையில் முதலில் செய்வது, குழாய் மூடாமல் பார்த்துக்கொள்வது. புரோஸ்டாகிளாண்டின் மருந்தை உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.01 முதல் 0.1 மைக்ரோகிராம் வரை சொட்டாக ஏற்றுவார்கள். நோயை அது தீர்க்காது. அவகாசம் வாங்கித் தரும். மூச்சு நின்றுபோவதும் காய்ச்சலும் இரத்த அழுத்தம் இறங்குவதும் அதன் பக்கவிளைவுகள். அதனால்தான் குழந்தை நன்றாக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்போதே செயற்கைச் சுவாசக் கருவியைப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். பெற்றோர் அதைப் பார்த்துப் பதறுவது இயல்பு.

மூன்றாவது வாய்ப்பு பலதுறை மருந்தகத்தில் தடுப்பூசிக்கும் வளர்ச்சிச் சோதனைக்கும் போகும்போது ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் மர்மர் எனப்படும் இதய இரைச்சல். பிள்ளைகளில் பாதிப் பேருக்காவது எப்போதாவது குற்றமற்ற மர்மர் கேட்கும். அது மென்மையாக, யாழ் நரம்பு அதிர்வதுபோல் இருக்கும். எழுந்து நின்றால் குறையும். வால்வுக் குறுக்கத்தின் ஒலி கரகரப்பானது. அதற்கு முன்னால் "டிக்" என்று ஒரு சொடுக்கு கேட்டால் சந்தேகம் வலுக்கும். நுரையீரல் தமனி வால்வின் சொடுக்கு மூச்சை உள்ளிழுக்கும்போது மங்கும். பெருந்தமனி வால்வின் சொடுக்கு மூச்சோடு மாறாது. பழகிய காது இந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டே எந்த வால்வு என்று ஊகித்துவிடும்.

வீட்டில் கவனிக்க வேண்டியது பால் குடிக்கும் விதம். ஒரு வேளைப் பாலுக்கு அரைமணி நேரத்துக்கு மேல் எடுப்பது, நடுநடுவே மூச்சு வாங்க நிறுத்துவது, நெற்றி வியர்ப்பது, எடை ஏறாதது. சிங்கப்பூர் வெக்கையில் வியர்வையை வைத்து எதையும் சொல்ல முடியாதே என்றால், ஏர்கான் அறையில் பால் குடிக்கும்போதும் தலை நனைகிறதா என்று பாருங்கள்.

நான்காவது வாய்ப்பு பல ஆண் பிள்ளைகளுக்குத் தேசிய சேவைக்கு முந்திய மருத்துவப் பரிசோதனை. ஒரு நாளும் மூச்சு வாங்காத, பள்ளியில் காற்பந்து ஆடிய இளைஞருக்கு, ஈசிஜியிலோ மர்மரிலோ ஏதோ சிக்கி, எக்கோவுக்கு அனுப்பினால் இரண்டிதழ் வால்வு. "பெஸ் (தேசிய சேவைக்கான உடல்தகுதி நிலை) என்ன ஆகும்" என்பதுதான் அவருக்கு முதல் கவலை. மருத்துவர் கேட்பதோ அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் யாராவது எக்கோ எடுத்திருக்கிறார்களா என்று. நெருங்கிய இரத்த உறவில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அதே குறை இருக்கக்கூடும். மகனின் பரிசோதனையால் தகப்பனாரின் விரிந்த தமனி தெரியவருவதும் உண்டு.

எண்ணுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

எக்கோ என்பது ஒலியலைப் படம். கதிர்வீச்சு கிடையாது, வலியும் கிடையாது. ஆனால் அசையாமல் அரைமணி முதல் ஒரு மணி நேரம் படுக்க வேண்டும். இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகள் அதற்கு ஒத்துழைக்க மாட்டார்கள். அவர்களுக்குத் தூக்க மருந்து கொடுத்துத்தான் எடுப்பார்கள். அதற்காகச் சில மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும். கைக்குழந்தைக்கு நிறைய நேரம் வாயில் பால் புட்டியே போதும்.

குறுக்கத்தின் வழியே பாயும் இரத்தத்தின் வேகத்தை டாப்ளர் முறையில் அளந்து, அதிலிருந்து அழுத்த வேறுபாட்டைக் கணக்கிடுகிறார்கள். சூத்திரம் எளிது: வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, பிறகு 4ஆல் பெருக்கு. வினாடிக்கு 3 மீட்டர் என்றால் 36 மில்லிமீட்டர் பாதரசம், 4 மீட்டர் என்றால் 64. நுரையீரல் தமனி வால்வில் 36க்குக் கீழே லேசானது, 64க்கு மேலே கடுமையானது, நடுவில் மிதமானது. பெருந்தமனி வால்வில் பெரியவர்களுக்கு வேகம் 4 மீட்டரை எட்டினாலோ சராசரி வேறுபாடு 40ஐ எட்டினாலோ கடுமை.

சூத்திரத்தில் வேகம் இருமடிப் பெருக்கமாக வருவதால், சிறு பிழையும் பெரிதாகிவிடும். ஒலிக்கற்றை இரத்தப் பாய்ச்சலுக்கு நேராக இல்லாமல் 30 பாகை சாய்ந்திருந்தால், உண்மையான 4 மீட்டர் ஏறக்குறைய 3.46 மீட்டராகத் தெரியும். வேறுபாடு 64க்குப் பதில் 48 என்று அறிக்கையில் ஏறும். கடுமையானது காகிதத்தில் மிதமானதாகிவிட்டது. கழுத்துக் குழியிலும் மார்பின் வலப்பக்கத்திலும் கருவியை வைத்து அழுத்திப் பல கோணங்களில் பார்ப்பது இதற்காகத்தான். எதிர்த்திசைப் பிழையும் உண்டு. அழும் பிள்ளைக்கும் காய்ச்சலில் இருக்கும் பிள்ளைக்கும் இரத்தச்சோகை உள்ள பிள்ளைக்கும் இதயம் கூடுதலாக இறைப்பதால், வேறுபாடு உள்ளதைவிட அதிகமாகக் காட்டும்.

இவற்றைவிட ஏமாற்றக்கூடியவை சில உண்டு. பிறந்த முதல் நாட்களில் நுரையீரல் தமனியின் அழுத்தமே உயர்ந்திருக்கும்; ஆகவே வால்வுக்கு இருபுறமும் உள்ள வேறுபாடு குறைவாகத் தெரியும். மூன்றாம் நாள் எடுத்த "லேசான குறுக்கம்" ஆறாம் வாரத்தில் மிதமானதாவது இப்படித்தான். அதனாலேயே மறு எக்கோவுக்குத் தேதி கொடுக்கிறார்கள். அந்தத் தேதியைத் தவறவிடக் கூடாது. இன்னும் ஆபத்தானது, இடது கீழறை தளர்ந்துபோன குழந்தை. இறைக்கவே வலுவில்லாத அறை குறுகிய வால்வின் வழியே வேகமாகத் தள்ள முடியாது. வேறுபாடு 25 என்று வரும். எண்ணை மட்டும் பார்த்தால் லேசானது. குழந்தையைப் பார்த்தால் உயிர்போகும் நிலை. எண்ணைக் கீழறையின் வலுவோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பெற்றோர் குழம்பும் இன்னோர் இடம்: எக்கோ 64 என்றது, கத்தீட்டர் எனும் மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி அளந்தபோது 42 என்கிறார்களே, எது சரி? இரண்டும் சரி. எக்கோ அளப்பது ஒரே கணத்தில் வால்வின் இருபுறமும் இருந்த மிகப் பெரிய வேறுபாடு. கத்தீட்டரில் ஒப்பிடுவது கீழறையின் உச்சத்தையும் தமனியின் உச்சத்தையும்; இரண்டு உச்சங்களும் ஒரே கணத்தில் வருவதில்லை. பெருந்தமனி வால்வில் எக்கோவின் சராசரி எண்ணே கத்தீட்டர் எண்ணுக்கு நெருக்கமாக வரும்.

அறிக்கையில் "ஸீ ஸ்கோர்" என்று ஒன்று இருக்கும். அந்த உயரமும் எடையும் உள்ள மற்றப் பிள்ளைகளின் வால்வு வளைய அளவோடு ஒப்பிட்ட எண். -2க்கும் +2க்கும் நடுவே இருந்தால் இயல்பு. வளர்கிற பிள்ளையிடம் மில்லிமீட்டர் கணக்கைவிட இதுதான் பேசும்: வளையம் பெரிதாகிக்கொண்டே வந்தாலும் ஸ்கோர் -1.5லிருந்து -2.5க்கு இறங்கினால், உடம்பின் வளர்ச்சிக்கு வால்வு ஈடுகொடுக்கவில்லை என்று பொருள்.

கசிவை எக்கோ கண்ணுக்குக் காட்டும், ஆனால் வலது கீழறையின் கொள்ளளவைத் துல்லியமாக அளக்க எம்ஆர்ஐ தேவை. நான்கு குறைகள் சேர்ந்த ஃபாலோ குறைக்குச் சிறுவயதில் அறுவை செய்தவர்களுக்குப் பின்னாளில் நுரையீரல் தமனி வால்வு கசிவது சாதாரணம். வலது கீழறை விரிந்தபோது உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 160 மில்லிலிட்டரையும், சுருங்கியபோது 80ஐயும் நெருங்கினால், அறை திரும்பச் சுருங்க முடியாத அளவு விரிவதற்குள் புது வால்வு வைக்க யோசிப்பார்கள்.

பலூன்

நுரையீரல் தமனி வால்வுக் குறுக்கத்துக்கு நெஞ்சைத் திறக்காமல் பலூன் வைத்து விரிக்கும் முறை 1982ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வெளிவந்தது. இன்று அதுவே முதல் சிகிச்சை. தொடை இடுக்கிலுள்ள நாளத்தின் வழியே மெல்லிய குழாய் இதயத்துக்குப் போகிறது. சாயம் செலுத்தி வால்வு வளையத்தை அளந்து, அதைவிட 1.2 முதல் 1.25 மடங்கு விட்டமுள்ள பலூனைத் தேர்கிறார்கள். 10 மில்லிமீட்டர் வளையத்துக்கு 12 மில்லிமீட்டர் பலூன். ஊதும்போது குறுக்கம் இருக்கும் இடத்தில் பலூனுக்கு ஓர் இடுப்பு விழும். ஒட்டியிருந்த ஓரங்கள் பிரிந்ததும் அந்த இடுப்பு மறையும். சில வினாடிகளுக்குள் பலூனைச் சுருக்கிவிடுவார்கள், ஏனென்றால் பலூன் ஊதியிருக்கும் வரை நுரையீரலுக்கு இரத்தமே போகாது.

விரித்த உடனே வேறுபாடு எதிர்பார்த்த அளவு குறையாமலும் போகலாம். பல மாதம் மல்லுக்கட்டி முறுக்கேறிய வலது கீழறையின் தசை, வால்வுக்குக் கீழே தானே இறுகி வழியை அடைப்பதே காரணம். நீர்ச்சத்து ஏற்றி, தசையைத் தளர்த்தும் பீட்டா பிளாக்கர் கொடுத்துக் காத்திருந்தால் சில வாரங்களில் அது இளகும். இன்னும் பெரிய பலூன் போட்டு இதைத் தீர்க்க நினைப்பது தவறு.

பெருந்தமனி வால்வில் நிலைமை வேறு. அங்கே பலூனின் விட்டம் வளையத்தின் 0.8 அல்லது 0.9 மடங்குதான், வளையத்தை மிஞ்சவே கூடாது. மிஞ்சினால் இதழ் கிழிந்து கடுமையான கசிவு வரும். வலப்புறத்தில் கசிவை உடம்பு பல ஆண்டு பொறுத்துக்கொள்ளும், இடப்புறத்தில் பொறுக்காது. பாய்ச்சலின் வேகத்தில் பலூன் வழுக்கி ஓடாதிருக்க, இதயத்தை மின்தூண்டலால் நிமிடத்துக்கு 200 முறைக்கு மேல் துடிக்கவைத்து, இறைப்பைச் சில வினாடி குறைப்பதும் உண்டு. கத்தீட்டரில் வேறுபாடு 50ஐ எட்டினால், அறிகுறியோ ஈசிஜி மாற்றமோ இருந்தால் 40ஐ எட்டும்போதே, பிள்ளைகளுக்கு இதைச் செய்வார்கள். இலக்கு முழுக்கத் திறப்பதன்று. சற்றுக் குறுக்கத்தை விட்டுவைப்பது கசிவை வரவழைப்பதைவிட மேல்.

அன்றிரவு தாதியர் மணிக்கொரு முறை காலைத் தொட்டுப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. குழந்தையின் தொடைத் தமனி சிறியது, உறைகட்டி அடைக்கலாம். கால் வெளுத்துக் குளிர்ந்தால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் தேவைப்படும். வீட்டுக்கு வந்தபின்னும் ஒரு கால் மட்டும் சில்லிட்டிருந்தால் தெரிவிக்க வேண்டும்.

அறுவை: எந்தத் தொல்லையை ஏற்பது

பலூன் போதாதபோது, முடிந்தவரை சொந்த வால்வையே பழுதுபார்க்க முயல்வார்கள். எப்ஸ்டீனுக்குப் பிரேசிலின் ஜோசே பெத்ரோ ட சில்வா உருவாக்கிய கூம்பு முறை அப்படிப்பட்டது: கீழே ஒட்டியிருக்கும் இதழ்களைப் பிரித்தெடுத்துக் கூம்பாகச் சுற்றி, உரிய இடத்தில் தைக்கிறார்கள்.

பழுதுபார்க்க முடியாத பெருந்தமனி வால்வுக்கு எந்த மாற்றும் குறையில்லாததன்று. உலோக வால்வு நீண்ட காலம் உழைக்கும், ஆனால் வாழ்நாள் முழுக்க, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை. மேலும் அவற்றில் மிகச் சிறியதே 15 மில்லிமீட்டர். பச்சிளங் குழந்தையின் வளையமோ 7 மில்லிமீட்டர் அளவுதான். மாட்டுத் திசுவிலோ பன்றி வால்விலோ செய்த வால்வுக்கு வார்ஃபரின் நெடுநாள் வேண்டாம், ஆனால் வளரும் உடம்பில் சுண்ணாம்பு வேகமாகப் படியும். முதியவரிடம் பதினைந்து ஆண்டு உழைப்பது, பதின்ம வயதினரிடம் பத்தாண்டுக்குள் இறுகிவிடலாம்.

1967ல் டொனால்ட் ராஸ் செய்துகாட்டிய முறை வேறு வழியில் போகிறது. பிள்ளையின் சொந்த நுரையீரல் தமனி வால்வை எடுத்துப் பெருந்தமனி இடத்தில் வைத்துவிட்டு, காலியான இடத்தில் தானமாகப் பெற்ற மனித வால்வை வைப்பது. இடம்மாறிய வால்வு உயிருள்ள திசு. பிள்ளையோடு வளரும், வார்ஃபரினும் வேண்டாம். விலை: ஒரு வால்வு நோய் இரண்டு வால்வுப் பிரச்சினையாகிறது. தான வால்வு வளராது, ஒருநாள் மாற்றியாக வேண்டும். ஆனாலும் வலப்பக்க வால்வை மாற்றுவது இடப்பக்கத்தைவிட எளிது. 2000ஆம் ஆண்டில் ஃபிலிப் போன்ஹோஃபர் நெஞ்சைத் திறக்காமல் கத்தீட்டர் வழியே நுரையீரல் தமனி வால்வை வைத்துக் காட்டியபின் அந்த எளிமை இன்னும் கூடியது. சிறு பிள்ளைகளுக்கு, கைதேர்ந்த அறுவை நிபுணர் இருக்கும் இடத்தில், இதையே முதலில் யோசிக்கத் தகும்.

தான வால்வுகளைப் பதப்படுத்திச் சேமிக்கும் வங்கி சிங்கப்பூரில் தேசிய இருதய நிலையத்தில் இருக்கிறது. மறுப்புத் தெரிவிக்காதவரின் உறுப்புகளை இறந்தபின் எடுக்க வகைசெய்யும் ஹோட்டா சட்டம் சிறுநீரகம், கல்லீரல், இதயம், விழிவெண்படலம் ஆகியவற்றுக்கு. வால்வு போன்ற திசுக்களுக்கு விருப்பம் தெரிவித்துப் பதிவுசெய்யும் எம்டிஇஆர்ஏ சட்டம் அல்லது குடும்பத்தாரின் சம்மதம் தேவை. குழந்தை அளவுக்கேற்ற சிறு வால்வு கிடைப்பதுதான் எப்போதும் கடினம்.

வீட்டிலும் கோவிலிலும் பல் மருத்துவரிடமும்

வார்ஃபரின் எடுப்பவருக்கு, இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு பெருந்தமனி இடத்து உலோக வால்வுக்கு 2.5ஐச் சுற்றியும் மைட்ரல் இடத்துக்கு 3ஐச் சுற்றியும் இருக்க வேண்டும். கீரை கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அளவு மாறக் கூடாது என்பதே சரி. வாரம் இருமுறை முருங்கைக்கீரை சாப்பிடுபவர் அப்படியே சாப்பிடலாம். புரட்டாசி வந்ததும் கறிமீனை நிறுத்தி மாதம் முழுக்கக் கீரையும் கைலானும் என்று மாறினால் ஐஎன்ஆர் இறங்கும். விரதம் முடிந்து பழையபடி திரும்பும்போது, இடையில் மருந்தைக் கூட்டியிருந்தால், ஏறிவிடும். விரதத்துக்கு முன்பே மருந்தகத்தில் சொல்லிவிட்டால் ஒரு கூடுதல் இரத்தச் சோதனையோடு முடிந்துவிடும். சீன மருந்துக் கடையின் டான்ஷென், டாங் குவை ஆகியவை இரத்தப்போக்கைக் கூட்டும். ஜின்செங் மருந்தின் வேலையைக் குறைக்கும். குழம்பில் போடும் மஞ்சள் பிரச்சினையில்லை, மஞ்சள் மாத்திரை பிரச்சினை. புதுவகை இரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளுக்கு மாற்றித்தரக் கேட்பவர்கள் உண்டு. அவற்றில் ஒன்றான டாபிகாட்ரானை உலோக வால்வு உள்ளவர்களிடம் சோதித்து 2013ல் வெளியான ஆய்வில், உறைகட்டியும் இரத்தப்போக்கும் இரண்டுமே கூடின. உலோக வால்வுக்கு இன்றும் வார்ஃபரின்தான்.

கர்ப்பத்தின் 6 முதல் 12 வாரத்தில் வார்ஃபரின் கருவின் எலும்பு வளர்ச்சியைப் பாதிக்கலாம். ஆகவே பெண் பிள்ளைக்கு வால்வு தேரும்போதே இதைப் பேசிவிட வேண்டும்; திருமணப் பேச்சு வரும்போதன்று.

செயற்கை வால்வு உள்ளவர்களுக்கும், முன்பு இதய உட்சுவர்த் தொற்று வந்தவர்களுக்கும், ஈறைத் தொடும் பல் சிகிச்சைக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பு அமோக்ஸிசிலின் ஒரே வேளை தேவை: பிள்ளைக்குக் கிலோவுக்கு 50 மில்லிகிராம், பெரியவருக்கு 2 கிராம். வெறும் இரண்டிதழ் வால்வுக்கு இப்போது பொதுவாகத் தருவதில்லை. யாராக இருந்தாலும், அந்த ஒரு வேளை மருந்தைவிடத் தினமும் இருமுறை பல் துலக்குவதே தொற்றை அதிகம் தடுக்கும்.

தைப்பூசத்துக்கு அலகு குத்திக்கொள்ளும் நேர்த்திக்கடனையும் இங்கே சொல்லியாக வேண்டும். நாக்கிலும் கன்னத்திலும் துளையிடும்போது வாய்க்கிருமி இரத்தத்தில் கலக்கும். செயற்கை வால்வு உள்ளவருக்கு அது பல் பிடுங்குவதற்கு ஒப்பான ஆபத்து. வார்ஃபரினும் எடுத்தால் இரத்தப்போக்கும் சேரும். அவர்கள் பால்குடம் எடுக்கலாம். மருத்துவர் இதைக் கேட்க மாட்டார், அவருக்குத் தோன்றாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

செலவும் பதினெட்டு வயதும்

மெடிஷீல்டு திட்டம் 2013 மார்ச்சிலிருந்து பிறவிக் குறைகளையும் ஏற்றது. 2015 நவம்பரில் வந்த மெடிஷீல்டு லைஃப், குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஏற்கெனவே உள்ள நோய்களோடு சேர்த்து வாழ்நாள் முழுதும் காப்பளிக்கிறது. தனியார் நிறுவனத்தின் கூடுதல் காப்பீடு வேறு; குறை தெரிந்தபின் விண்ணப்பித்தால் அதை விலக்கிவிடலாம். வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டினரின் பிள்ளைகளுக்கு மெடிஷீல்டு லைஃப் இல்லை. அதனால் சென்னைக்கோ கொச்சிக்கோ போய் அறுவை செய்துகொண்டு திரும்பும் குடும்பங்கள் உண்டு.

எங்கே செய்தாலும், பாதை அறுந்துபோவது பெரும்பாலும் 18 வயதில். கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையில் பார்த்துவந்த பிள்ளை, பெரியவர்களுக்கான இதய மருத்துவத்துக்கு மாற வேண்டிய வயது. அதே நேரம் தேசிய சேவை, பலதுறைத் தொழிற்கல்லூரி, முதல் வேலை. மூச்சு வாங்கவில்லை, வலியில்லை, அம்மாவும் கூட வருவதில்லை. இரண்டு சந்திப்பு தவறும், பிறகு பத்தாண்டு. அதற்குள் கசியும் வால்வு வலது கீழறையை விரித்துவிட்டிருக்கும், அல்லது இரண்டிதழ் வால்வுக்கு மேலே தமனி 5 சென்டிமீட்டரைத் தாண்டியிருக்கும். 5.5ஐ எட்டினால், குடும்பத்தில் தமனி கிழிந்த வரலாறு போன்றவை இருந்தால் 5 சென்டிமீட்டரிலேயே, அறுவை பேசப்படும். அதுவரை அறிகுறி எதுவும் காட்டாது.

மாறிப்போகும்போது கையில் இருக்க வேண்டியவை மூன்று: அறுவைக் குறிப்பின் நகல், கடைசி எக்கோ அல்லது எம்ஆர்ஐ அறிக்கை, வால்வு அட்டை. வால்வு அட்டை என்பது வால்வு வைத்த அன்று தரும் சிறு அட்டை. வால்வின் வகை, அளவு, வரிசை எண் அதில் இருக்கும். திசு வால்வு இறுகியபின், பழைய வால்வுக்குள்ளேயே கத்தீட்டர் வழியே புதியதை வைக்க முடியுமா என்பதை முடிவுசெய்வது பழையதன் உள்விட்டம்தான். அட்டை இல்லையென்றால் சிடி எடுத்து அளந்து, என்ன வால்வு என்று ஊகிக்க வேண்டியிருக்கும். அலமாரியில் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் அதே உறையில் அதையும் போட்டுவையுங்கள், கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.